பின்னத் தெரிந்த கைகளுக்கு ஓலை எங்கே?

இடம்பெயர்ந்த குடும்பங்கள் மத்தியில் பணிபுரிகின்ற எவரும் ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பர். பொதுமண்டபத்திலே வெள்ளைத் துணி விரித்த மேசைகள். அவற்றின்மேல் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் தோய்த்த பனையோலைப் பொருட்கள்: பேனாக்கூடு, பூச்சாடி, சுவரில் மாட்டும் விசிறி, கைப்பை. மூன்று மாதப் பயிற்சி நிறைவெய்திவிட்டது. பிரதம விருந்தினர் நாடா வெட்டுவார். சான்றிதழ் வழங்கப்படும். படம் எடுக்கப்படும். நாமும் இத்தகைய மேசைகளுக்குப் பின்னால் நின்று கை தட்டியவர்கள்தாம். ஆசியுரை வழங்கியவர்களும் நாமே. ஆகவே இங்கு எழுதுவதை வெளியாள் ஒருவரின் குறைகூறலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தகைய விழா ஒன்று முடிந்து ஆறு மாதம் கழித்து, அதே ஊருக்கு வேறோர் அலுவலாகச் சென்றிருந்தோம். பயின்றவர்களில் இழைத்துக்கொண்டிருந்தவர் ஒருவரும் இல்லை. சான்றிதழ்கள் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருந்தன. பயிற்சிக்கே போகாத ஓர் ஆச்சி மாத்திரம் வீட்டு வாசலில் காலை நீட்டி இருந்து நீத்துப்பெட்டி ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்தவர் அவர். அதன்பின் எத்தனை இடம் மாறினார் என்று எண்ணுவதை அவரே விட்டுவிட்டார். "ஏன் ஆச்சி, பழகின பிள்ளையள் ஒருத்தரும் இழைக்கினமில்லை?" என்று கேட்டோம். ஆச்சி கையை நிறுத்தவில்லை.

"சுவாமி, பழக்க வந்த ஆக்கள் போகேக்குள்ள ஓலையையும் கொண்டு போட்டினம். பின்னுறதை ஆர் மறந்தது? என்ரை அம்மா காட்டித் தந்ததை நான் இண்டைக்கும் மறக்கேல்லை. ஓலையெல்லோ இல்லை. இது உந்த வேலிக்குக் கட்டினதிலை உருவினது."

வேலியில் உருவிய ஓலை! பல அறிக்கைகளில் நாம் எழுதாமல் விட்ட விடயத்தை ஆச்சி ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். கைவினைப் பயிற்சி என்ற பெயரில் நாம் எல்லோரும் கைக்கே பயிற்சி கொடுத்துவந்தோம். கையில் குறை இருக்கவில்லை. அந்தக் கைக்கு எட்டிய தூரத்தில் ஒரு பனை நிற்கவில்லை என்பதுதான் குறை. ஓலைக்கு வழி செய்யாமல் நடத்தப்படும் பயிற்சி, விதைநெல் கொடாமல் விதைப்பு வகுப்பு நடத்துவதற்கு ஒப்பானது என்பது எமது எண்ணம்.

சொந்த ஊரில் ஓலைக்கு நாம் விலை கேட்டதில்லை. வளவிலும் எல்லையிலும் பனை நின்றது. வருடத்துக்கு ஒரு தடவை ஓலைவெட்டு. வெட்டிய ஓலைக்கு எத்தனை சோலி காத்திருந்தது என்பதை வாசகருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வேலி அடைக்க ஒரு பங்கு, வீடு மேய ஒரு பங்கு, மாட்டுக்குக் கிழித்துப் போட ஒரு பங்கு, மிச்சம் தோட்டத்து மண்ணில் தாழ்த்துப் பசளையாக்க. இவ்வளவுக்கும் நடுவில் வீட்டுப் பெண்கள் குருத்தோலையும் நல்ல சார்வோலையுமாகப் பார்த்துத் தமக்கென ஒரு கட்டை ஒதுக்கிவிடுவர். அதற்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை. அந்தக் கட்டிலிருந்துதான் பாயும் பெட்டியும் கடகமும் உமலும் குட்டானும் கொட்டைப்பெட்டியும் வந்தன. தோட்டத்தில் விளைந்த வெங்காயத்தைச் சுமந்ததும், அரிசியை அளந்ததும், பிட்டு அவித்ததும், ஆச்சிமாரின் மடியில் சில்லறைக் காசைக் காத்ததும் அதே ஓலைதான். இழைப்பு என்பது தனித் தொழிலாக இருக்கவில்லை. கமத்தின் ஓர் ஓரத்தில், கமத்தின் கழிவிலும் கோடைகால ஓய்விலும் பிழைத்த வேலை அது. கோடை வெயிலில் ஓலை காயும், தோட்டவேலை ஓயும் வேளையில் கை இழைக்கும். மாரி தொடங்கிக் கமக்காரர் வயலுக்கு இறங்கும்போது பெட்டிகள் அடுப்புக்கு மேலே பரணில் ஏறிவிடும். அங்கே படும் புகை, மழைக்காலத்துப் பூஞ்சணத்திலிருந்து அவற்றைக் காக்கும்.

இடப்பெயர்வு வெட்டியது இந்தத் தொடுப்பைத்தான். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்களின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டு வருகின்றபோதிலும், முழுவதும் இன்னும் கைக்கு வந்தபாடில்லை. 2009 இல் முட்கம்பிக்குள் இருந்து பின்னர் மீள்குடியேறியவர்களில் பலர் திரும்பிச் சென்று கண்டது தலையில்லாப் பனைகளை. பனைக்கு வளர்நுனி ஒன்றே ஒன்று. எறிகணை அதைக் கொய்துவிட்டால் மரம் மறுபடி தளிர்ப்பதில்லை. எஞ்சி நின்றவற்றிலும் எத்தனையோ மரங்கள் இரு பக்கத்தாரின் காப்பரண்களுக்கும் எமது சொந்தப் பதுங்குகுழிகளுக்கும் குற்றிகளாகப் போயின. ஷெல்லுக்கு அஞ்சிக் குழிக்குள் இருந்த வேளையில் எமது தலைக்கு மேலே கிடந்து காத்ததும் பனைதான் என்பதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். ஆனால் கணக்கில் அது கழிந்துபோன மரம்.

காணியில்லாக் குடும்பம் ஓலையை விலைக்கு வாங்குகிறது. இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. ஒரு கடகத்தை எடுத்துக்கொள்வோம். மரமேறி ஓலை வெட்டுபவருக்குக் கூலி, கட்டு ஏற்றிவர வண்டிக்காசு. பிறகு ஓலையை வெயிலில் காயவிட்டு, பனியில் பதப்படுத்தி, ஈர்க்குக் களைந்து, ஒரே அகலமாக வார்ந்து, உள்ளும் புறமுமாக இழைத்து, விளிம்புக்கு மட்டை நார் கிழித்துப் பொத்தி முடிக்க ஒரு முழுப்பகல் போதாது. சந்தையில் அதை வாங்க வருபவர் பக்கத்தில் அடுக்கியிருக்கும் பிளாஸ்ரிக் வாளியின் விலையைச் சொல்லிப் பேரம் பேசுகிறார். கடைசியில் கைக்கு வருவது ஓலைக்காசும் வண்டிக்காசும் மாத்திரமே. ஒரு நாள் உழைப்பு எவர் கணக்கிலும் விழுவதில்லை. எமது குழுக் கூட்டம் ஒன்றில் இதைப் பெண்களைக் கொண்டே எழுதிப் பார்க்கச் செய்தோம். தமது நேரத்துக்கு ஒரு விலை போடுமாறு கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். "எங்கட நேரத்துக்கு என்ன விலை சுவாமி, சும்மா இருக்கிற நேரம்தானே" என்றார் ஒருவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தண்ணீருக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்தவர் அவர்.

இப்படிச் சொல்வதால், இழைப்பு வறுமையின் தொழில், அதை விட்டுவிட்டுத் தையல் இயந்திரம் கொடுங்கள் என்று எம்முடன் வாதிடும் நண்பர்களின் பக்கம் நாம் சாய்ந்துவிட்டதாக எண்ணவேண்டாம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஓலையை மட்டும் நம்பி ஒரு குடும்பம் மூன்று வேளை உண்ண இயலாது. இயலும் என்று நிதி வழங்குவோருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் தவறாக எழுதினார்கள். ஆனால் தையலுக்குத் துணியும் நூலும் ஊசியும் கொழும்பிலிருந்து வரவேண்டும். பாதை மூடினால் தொழில் படுத்துவிடும். பாதை மூடிய காலத்தைக் கண்டவர்கள் நாம். 1990 களின் பொருளாதாரத் தடையின்போது சீனியில்லாத தேநீரைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். அந்தப் பனங்கட்டி குட்டானில் வந்தது. மரக்கறி உமலில் வந்தது. 2002 இல் ஏ-9 வீதி திறந்ததும் லொறி லொறியாகப் பிளாஸ்ரிக் வந்து இறங்கியது. கடகம் கோடிக்குப் போயிற்று. எவரையும் நோவதற்கில்லை. பிளாஸ்ரிக் மலிவு, இலேசு, கழுவலாம்.

இன்று நிலைமை மறுபடி மாறியிருக்கிறது. இதை எம்மில் பலர் கவனிக்கவில்லை. 2017 செப்ரெம்பரில் சோறு கட்டும் பொலித்தீன் தாள் தடை செய்யப்பட்டது. 2023 ஒக்ரோபர் 1 ஆந் திகதி தொடக்கம், ஒரு தடவை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் குழல்கள், கோப்பைகள், தட்டங்கள் முதலியவற்றோடு பிளாஸ்ரிக் மாலைகளும் பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டுகளும் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. இடியப்பத் தட்டு! பனை ஈர்க்கில் அதைப் பின்னாத ஊர் எங்களிடம் இருந்ததா? ஆச்சிமார் பேசிக்கொண்டே ஒரு பின்னேரத்தில் பின்னிப்போடும் தட்டுக்கு, அரசாங்கமே சட்டம் போட்டுச் சந்தை திறந்துவிட்டது. அப்போதும் எமது பயிற்சி மண்டபங்களில் பேனாக்கூடுதான் பின்னிக்கொண்டிருந்தோம்.

அழகுப்பொருள் வேண்டாம் என்பதல்ல எமது கட்சி. காலத்துக்கேற்ற பொருள் வரத்தான் வேண்டும். மடிக்கணினிப் பை, மின்விளக்குக் கூடு, பனங்கட்டியும் தேயிலையும் வைத்துப் பரிசாகக் கொடுக்கும் மூடுபெட்டி என்று எத்தனையோ பொருட்களை இப்போது காண்கிறோம். அவற்றில் நல்லவற்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அடிப்பகுதியில் இருப்பது கொட்டைப்பெட்டிக்கு இட்ட அதே அடி. மூடியின் விளிம்பில் ஓடுவது பழைய மூடுபெட்டியின் அதே மடிப்பு. பழைய இழை தெரிந்த கைதான் புதிய பொருளைச் செய்கிறது. அடி இடத் தெரியாதவருக்குப் பூ ஒட்டுவதை மட்டும் கற்றுக்கொடுத்தால் அவர் செய்வது நாலு மாதத்தில் பிரிந்துபோகும். சாயத்தைப் பற்றியும் ஒரு சொல். கடும் நிறங்கள் எமக்குப் பண்டிகைக் களையைத் தரலாம். ஆனால் வெளியூர்க் கடைகளில் கேட்டு வாங்குவோர் பெரும்பாலும் தேடுவது ஓலையின் சொந்த வெண்மையை. சாயத்தூளுக்குச் செலவழிக்கும் காசு மிச்சம் என்றே இதைக் கொள்ளலாம்.

அளவு ஒரு பெரும் வில்லங்கம். எங்கள் பெண்கள் சாணும் விரற்கடையுமாக அளப்பவர்கள். ஐம்பது பெட்டி கேட்ட கடைக்காரருக்கு ஐம்பதும் ஐம்பது அளவில் போய், மூடிகள் பொருந்தாமல் பாதி திரும்பி வந்த அனுபவம் எமக்கு உண்டு. கண்ணீர் வந்த நாள் அது. பின்னர் ஊர்த் தச்சர் ஒருவர் மரத்தில் நான்கு அச்சுக் கட்டை சீவித் தந்தார். அதைச் சுற்றி இழைத்தால் எவர் கையில் பின்னினாலும் ஒரே அளவு. நிபுணரைக் கூட்டிவந்து நடத்தும் கருத்தரங்கைவிட அந்த நான்கு கட்டைகள் எமக்குப் பயன்பட்டன.

பேசக் கூச்சப்படும் ஒரு விடயத்தையும் சொல்லத்தான் வேண்டும். பயிற்சிக்கு வர மறுத்த சில வீடுகளில் நாம் கேட்ட மறுமொழி, "அது எங்கட ஆக்கள் செய்யிற தொழில் இல்லை" என்பது. தறப்பாளின் கீழே ஒரே வரிசையில் நின்று ஒரே சட்டிச் சோற்றை வாங்கிய பின்னும் இந்தச் சொல் சாகவில்லை. வீட்டுப் பாவனைக்குப் பெட்டி இழைப்பது கௌரவம், விற்பதற்கு இழைப்பது குறைவு என்ற இந்தப் பிரிவினைக்கு வேதத்திலும் ஆதாரமில்லை, விவசாயத்திலும் ஆதாரமில்லை. இதனால் நட்டப்படுவது யாரென்று பார்த்தால், சொல்லுகிறவரின் வீட்டுப் பிள்ளைகளேதான். தலைமுறையாகக் கடகம் பொத்தி விற்ற குடும்பங்களிடம் போய் அவர்களையே ஆசிரியராக இருக்கக் கேட்பதும், அதற்குரிய வேதனத்தைக் கொடுப்பதும் எமது அமைப்புகள் செய்யவேண்டிய காரியம். இதுவரை மிகச் சில இடங்களில்தான் அப்படிச் செய்திருக்கிறோம்.

சரி, ஓலைக்கு எங்கே போவது? பனை என்றதும் அனைவரும் நடுகை என்பர். நடத்தான் வேண்டும். தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்ற பழமொழி நொங்குக்கும் மரத்துக்கும் சொன்னது. பனை பூப்பதற்குப் பன்னிரண்டு தொடக்கம் இருபது வருடம் செல்லும். ஓலைக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. வடலியின் ஓலையும் இழைக்க உதவும். நாற்றுமேடை, பை, காவல் ஒன்றும் வேண்டாம். சொல்லப்போனால் பனங்கன்றைக் கிளப்பி நடுவது பெரும்பாலும் கைகூடாது. கொட்டையை நிலைக்கும் இடத்திலேயே புதைத்துவிட வேண்டும். ஆனால் தன் பெயரில் காணி இல்லாதவர் எந்த இடத்தில் புதைப்பது? நட்ட வடலி ஓலை தரும் காலத்தில் தான் அங்கே இருப்போமா என்று அறியாத குடும்பத்திடம் நடுகை பற்றி அதிகம் பேச எமக்கு நா எழுவதில்லை.

நிற்கும் மரங்களைப் பற்றியே பேசுவோம். பனையைத் தறிப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. ஓலை யாருக்குப் போகிறது என்பதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை உருவாக்கப்பட்ட நாள் தொட்டுக் கள்ளையும் பனங்கட்டியையும் பற்றிப் பேசப்பட்ட அளவில் நாலிலொரு பங்குகூட ஓலையின் உரிமையைப் பற்றிப் பேசப்பட்டதாக எமக்கு நினைவில்லை. மரம் ஒன்று மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலைதான் விடும். குருத்தை மிஞ்சி வெட்டினால் மரம் நலிந்துபோகும். ஆகவே ஓலை அளவான பொருள். அளவான பொருள் காசுள்ளவன் பக்கமே போகும், நடுவில் எவராவது ஒரு நியாயம் வைத்தாலன்றி.

நியாயம் வைக்க வேண்டியவர்களுள் முதலில் நாமே நிற்கிறோம். எமது ஆலயங்கள் பலவற்றுக்குப் பனங்காணி உண்டு. முன்னோர் நேர்த்திக்கு எழுதிக் கொடுத்தவை. நாம் பணிபுரிந்த ஒரு பங்கிலே வருடாவருடம் ஓலை கூறி விற்கப்படும். கூடிய விலை கேட்ட குத்தகைகாரர் முழு ஓலையையும் வெட்டி ஏற்றிச் செல்வார். அந்தக் காணிக்கு அடுத்த வேலியில்தான் இடம்பெயர்ந்தோரின் கொட்டில்கள். அங்கிருந்த பெண்கள், தம் கண் முன்னால் வெட்டப்பட்ட ஓலையை நாலு கட்டை தூரம் போய் அதே குத்தகைகாரரிடம் காசுக்கு வாங்கிச் சுமந்து வந்தனர். இதை மூன்று வருடம் நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று வருடமும் கைவினைப் பயிற்சிக்கு நிதி கேட்டு விண்ணப்பமும் எழுதிக்கொண்டிருந்தோம். ஆச்சி வேலியில் உருவிய ஓலையைக் காட்டிய பிறகுதான் எமக்கு உறைத்தது.

ஆலய சபையில் விடயத்தைக் கிளப்பியபோது எதிர்ப்பு வந்தது. குத்தகைக் காசிலேதான் திருநாளுக்கு ஒலிபெருக்கியும் மின்குமிழும் போடுகிறோம் என்றனர். உண்மைதான். அது சிறிய காசுமல்ல. ஓலையை இனாமாகக் கொடுத்தால் நாளைக்கு நுங்கையும் இனாமாகக் கேட்பார்கள் என்றார் ஒருவர். பெண்கள் இனாமாகக் கேட்கவில்லை. குத்தகைகாரர் கொடுத்த விலையில் பாதியைத் தவணையில் தருவதாகவும், குருத்தை மிஞ்சி வெட்டாமல் காப்பதாகவும், வருடத்துக்கு நூறு கொட்டை ஆலயக் காணியிலேயே புதைத்துத் தருவதாகவும் எழுத்தில் கொடுத்தனர். நீண்ட வாக்குவாதத்தின் பின் காணியின் கிழக்குப் பக்கத்து மரங்கள் மாத்திரம், ஒரேயொரு வருடத்துக்கு, அவர்களுக்கு விடப்பட்டன. அந்தக் கோடையில் பதினொரு குடும்பங்கள் இழைத்தன. தவணைக் காசு இரண்டு மாதம் பிந்தித்தான் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் முழுவதும் வந்தது.

இதை வாசிக்கும் பங்குச் சபையினருக்கும், பனங்காணி வைத்திருக்கும் கோயில் தர்மகர்த்தாக்களுக்கும், வெளிநாட்டிலிருந்துகொண்டு இங்குள்ள காணியை எவருக்கோ பொறுப்புக் கொடுத்திருப்போருக்கும் எமது கோரிக்கை இவ்வளவுதான்: அடுத்த ஓலைக் குத்தகையைக் கூற முன்னர், வேலிக்கு அப்பால் இருக்கும் இழைக்கத் தெரிந்த பெண்களிடம் ஒரு முறை கேளுங்கள். விலையையும் அவர்களோடு பேசியே தீருங்கள். பயிற்சிக்கு நிதி தரும் நிறுவனங்களிடமோ, பயிற்சித் திட்டத்தின் முதல் வரியில் ஓலை எங்கிருந்து, யாருடைய காணியிலிருந்து, எத்தனை வருட உடன்படிக்கையில் வரும் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள் என்கிறோம். அந்த வரி வெறுமையாக இருந்தால் நாடா வெட்டுவதற்கு எம்மை அழைக்க வேண்டாம்.

எமது கிழக்குப் பக்கத்து மரங்களின் தவணை வருகிற சித்திரையோடு முடிகிறது. குத்தகைகாரர் ஏற்கெனவே வந்து விசாரித்துப் போய்விட்டார்.